எத்தனை படி ஏணி என்று கேட்காதீர்கள், கால் எங்கே நிற்கும் என்று கேளுங்கள்

கேள்வி இது: புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார்கள். ஃபேன் துடைக்க, பரணில் இருந்து பாத்திரம் இறக்க ஒரு மடக்கு ஏணி வேண்டும். வீட்டில் அதிகம் ஏறப்போவது அம்மா. வயது 62, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தம்பி வயரிங் வேலை செய்கிறார். "பெரிசா ஒண்ணு வாங்கிட்டா வீட்டுக்கும் ஆச்சு, என் வேலைக்கும் ஆச்சு" என்கிறார். எத்தனை படி வாங்கலாம், அலுமினியமா வேறு எதுவுமா?

தம்பி சொன்னதை முதலில் பார்த்துவிடுகிறேன். ஒரே ஏணி வேண்டாம். வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. அம்மாவுக்குச் சரியான ஏணி தம்பிக்கு ஆபத்து. தம்பிக்குச் சரியான ஏணியை அம்மாவால் தூக்கி நகர்த்த முடியாது. தூக்க முடியாத ஏணி வீட்டில் இருந்தால் என்ன நடக்கும்? அது மாடிப்படிக்குக் கீழே கிடக்கும், அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுவார். எங்கள் பெரியம்மா அப்படி ஏறித்தான் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது விழுந்தார். வழவழப்பான டைல்ஸில் நாற்காலிக் கால் விரிந்து விலகியது. மணிக்கட்டு முறிந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. வீட்டில் ஏணி இருந்தது. கனமான இரும்பு ஏணி, அவரால் அசைக்க முடியாதது.

நான் 28 வருடமாக வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஏணி வாங்குகிறவர்கள் எல்லோரும் கடையில் கேட்பது "அஞ்சு படியா, ஆறு படியா" என்றுதான். அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஒரு கம்பெனி மேலே இருக்கும் அகலமான நிற்கும் பலகையையும் ஒரு படியாக எண்ணும், இன்னொன்று எண்ணாது. சிலர் கைப்பிடியின் உச்சிவரை அளந்து "ஆறடி ஏணி" என்பார்கள். உங்களுக்குத் தேவையான அளவு ஒன்றே ஒன்றுதான்: தரையிலிருந்து அந்த நிற்கும் பலகை எவ்வளவு உயரம்? கடைக்குப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். நம் ஊர் கான்கிரீட் வீடுகளில் தரையிலிருந்து தளம் பெரும்பாலும் பத்தடி. ஃபேன் இறக்கை தளத்திலிருந்து ஓரடி, ஒன்றேகால் அடி கீழே தொங்கும். அதாவது தரையிலிருந்து சுமார் எட்டே முக்கால் முதல் ஒன்பதடி. அம்மாவின் கண் மட்டம் அவர் பாதத்திலிருந்து சுமார் நான்கே முக்கால் அடி. பலகை மூன்றடி உயரத்தில் இருந்தால் அவர் கண் ஏழே முக்கால் அடியில் நிற்கும், இறக்கை அவர் தலைக்கும் மேலே. கழுத்தை அண்ணாந்து, கையை முழுக்கத் தூக்கித் துடைக்க வேண்டும். அறுபது வயதில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றால் தலை சுற்றும். அழுக்கும் கண்ணில் விழும். பலகை மூன்றே முக்கால் அடியிலிருந்து நான்கடிக்குள் இருந்தால் இறக்கை கிட்டத்தட்ட நெற்றி மட்டத்துக்கு வந்துவிடும். துடைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியும், கை வலிக்காது.

பரணுக்கும் இதே உயரம் பொருந்துவதுதான் நல்ல விஷயம். பரண் தளம் பொதுவாக வாசல் லிண்டல் (கதவு நிலைக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில், சுமார் ஏழடியில் இருக்கும். மூன்றே முக்கால் அடிப் பலகையில் நின்றால் பரணின் விளிம்பு அம்மாவின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். கனமான பித்தளை அண்டாவைத் தன்பக்கம் இழுத்து, உடம்போடு ஒட்டிப் பிடிக்க அதுதான் தோதான உயரம். விளிம்பு தோளுக்கு நேரே இருந்தால் பாத்திரம் முகத்தை நோக்கித்தான் வரும்.

ஒன்று கவனியுங்கள். அந்தப் பலகையில் நின்றால் அம்மாவின் உச்சந்தலை சுமார் ஒன்பதடியில் இருக்கும். ஃபேன் இறக்கையும் அதே மட்டம். பரணில் வேலை என்றால்கூட அந்த அறையின் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். புழுக்கமாக இருக்கிறது என்று ஓடவிட்டு ஏறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, வீட்டுக்கு: நிற்கும் பலகை மூன்றே முக்கால் அடி முதல் நான்கடி வரை உள்ள மடக்கு ஏணி. பலகையோடு எண்ணினால் பெரும்பாலும் ஐந்து படி வரும். பதினோரு அடித் தளமுள்ள பழைய வீடாக இருந்தால் இன்னும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் "இருக்கட்டுமே" என்று பெரிதாக வாங்க வேண்டாம். பெரிய ஏணியில் பாதியில் நின்று வேலை செய்யும்போது மேல்பகுதி முன்னால் இடிக்கும், எட்டி எட்டி வேலை செய்யத் தோன்றும்.

அம்மாவுக்குப் பலகைக்கு மேலே சுமார் இரண்டடி எழும்பி நிற்கும் கைப்பிடி கட்டாயம் வேண்டும். தொடை அதில் சாய்ந்து நிற்கும்போது இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். மற்ற படிகளும் அகலமாக இருக்கட்டும். முன்பின்னாக எட்டு சென்டிமீட்டராவது இருந்தால்தான் பாதம் நிம்மதியாகப் பதியும். மெல்லிய உருட்டுக் குழாய்ப் படி வெறுங்காலில் ஏறுகிறவர்களுக்கு உள்ளங்காலை அறுக்கும். நம் வீட்டில் யாரும் ஷூ போட்டு ஏறப்போவதில்லை.

வீட்டு ஏணிக்கு அலுமினியம்தான் என் தேர்வு. ஐந்து படி அலுமினிய ஏணி ஐந்தாறு கிலோதான் இருக்கும். அரைக் குடம் தண்ணீர்கூட அதைவிடக் கனம். அம்மா ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு ஏணி விலை குறைவு, நின்றால் ஆட்டமும் குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் கனம். அப்புறம் துரு. துரு வெளியே தெரிந்தால் பரவாயில்லை, பெயிண்ட் அடிக்கலாம். அது உள்ளே பிடிப்பதுதான் சங்கடம். வீடு கழுவும்போது தண்ணீர் கால் ரப்பருக்குள் இறங்கித் தங்கிவிடும். தூத்துக்குடியில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனபோது அவர்கள் வீட்டு இரும்பு ஏணியையே எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. எனக்கு எப்போதும் ஒரு பழக்கம், அடி ரப்பரைக் கழற்றிப் பார்ப்பேன். கழற்றிச் சாய்த்ததும் டீத்தூள் மாதிரி ஒரு கைப்பிடி துருத்தூள் கொட்டியது. குழாயின் அடி இரண்டு அங்குலம் கத்தியால் குத்தினால் ஓட்டை விழுகிற நிலையில் இருந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் இரும்பு ஏணி வைத்திருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது ரப்பரைக் கழற்றிப் பாருங்கள்.

இனி தம்பியின் விஷயம். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் இதைத்தான் எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள். வயரிங் வேலைக்கு அலுமினிய ஏணியோ இரும்பு ஏணியோ கூடவே கூடாது. இரண்டிலும் மின்சாரம் பாயும். மேலே 230 வோல்ட் வயரில் கை படும்போது கீழே ஏணியின் கால் ஈரத்தரையில் இருந்தால், உடம்பு வழியாகப் பூமிக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. அதிர்ச்சி சிறியதாக இருந்தாலும் உடம்பு தூக்கிப்போடும், அந்த உயரத்திலிருந்து விழுவதே போதும். தம்பி வாங்க வேண்டியது ஃபைபர் கிளாஸ் ஏணி. கடையில் எஃப்.ஆர்.பி. ஏணி என்று கேட்டால் தெரியும். பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதிலும் பக்கச் சட்டங்கள்தான் ஃபைபர், படிகள் பெரும்பாலும் அலுமினியம்தான். அலுமினிய ஏணியைவிடக் கனம், விலையும் நன்றாகவே கூடுதல். தொழில் செய்கிறவருக்கு அது செலவில்லை, கட்டிங் பிளேயர் மாதிரி ஒரு கருவி.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே ஏறுறோம், அலுமினியம் இருந்தா என்ன?" என்று தம்பி கேட்கக்கூடும். என்னிடம் வேலை செய்த பையனும் அதைத்தான் கேட்டான். ஒரு வீட்டில் மெயினை இறக்கிவிட்டு ஃபேன் மாற்ற அலுமினிய ஏணியில் ஏறினான். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கொண்டது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் போட்டிருப்பது எது? ஃபேனும் லைட்டும்தான். ஏணியில் ஏறி நாம் கைவைக்கிற அதே பாயிண்டுகள். டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் அன்று டெஸ்டரின் பல்பு எரிந்ததைப் பார்த்து இறங்கிவிட்டான். மெயினையும் இறக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும், டெஸ்டர் வைத்தும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் மேலே கடைசிப் பாதுகாப்பாகத்தான் காலுக்குக் கீழே ஃபைபர் ஏணி. ஃபைபர் இருக்கிறது என்ற தைரியத்தில் லைனை நிறுத்தாமல் தொடுவதற்கு அல்ல. சுவரையோ கான்கிரீட் தளத்தையோ இன்னொரு கை தொட்டுக்கொண்டிருந்தால் எந்த ஏணியும் காப்பாற்றாது.

ஃபைபர் ஏணிக்கும் பராமரிப்பு உண்டு. வெயிலில் போட்டே வைத்திருந்தால் மேல்பூச்சு தேய்ந்து, உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் முள் முள்ளாக வெளியே வரும். கையில் குத்தி அரிக்கும். அந்த நிலைக்கு வந்த சட்டம் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துக்கொள்ளும், மின்காப்பும் குறையும். சிமெண்ட் கறை, ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் அதில் நிற்கவிடாமல் துடைத்து நிழலில் வைக்க வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை, தொழிலாளர்கள் பயன்படுத்தும் ஏ வடிவ ஏணியில் நிற்கும் பலகை இருக்காது. உச்சியிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. அப்படியானால் ஆறடி ஏணியில் கால் நிற்பது நாலடியில்தான், எட்டடி ஏணியில் ஆறடியில். பத்தடித் தளமுள்ள வீட்டு வேலைகளுக்கு ஆறடி போதும். கடை, மண்டபம், பன்னிரண்டு பதின்மூன்றடி உயரமுள்ள இடங்களுக்கு எட்டடி வேண்டும். தம்பி முதலில் ஆறடி வாங்கட்டும். மண்டப வேலை வரும்போது எட்டடியை வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு அப்புறம் யோசிக்கலாம். தன் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோக முடியாத ஏணியை வாங்கினால் ஒவ்வொரு வேலைக்கும் ஆட்டோச் செலவு.

எடை தாங்கும் அளவு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஏணிகளுக்குத் தரம் பிரித்து எழுதியிருப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கான கடைசித் தரம் 200 பவுண்டு, அதாவது சுமார் 91 கிலோ. கனரகத் தொழிலுக்கு 300 பவுண்டு, 375 பவுண்டு என்று போகும். ஐரோப்பாவின் ஈ.என். 131 தரத்தில் அதிகபட்சச் சுமை 150 கிலோ. 2018க்குப் பிறகு அங்கே தொழில் உபயோகம், தொழில் அல்லாத உபயோகம் என இரண்டே வகைதான். இரண்டுக்கும் 150 கிலோதான் என்றாலும், தொழில் வகைக்குச் சோதனை கடுமையானது. நம் நாட்டில் ஏணிப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 3696 இரண்டாம் பகுதி என்ற நெறிமுறை இருக்கிறது. ஆனால் கடையில் பல ஏணிகளில் வெறும் "150 கிலோ" என்ற ஸ்டிக்கர்தான் இருக்கும். எந்தத் தரத்தின்படி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எடை உடம்புக்கு மட்டும் அல்ல. 80 கிலோ ஆள், இடுப்புப் பையில் கருவிகள், கையில் மூன்று கிலோ டிரில், தூக்கிப் பிடிக்கும் ஃபேன் என்று எல்லாம் சேரும். பெயிண்டர் பத்து லிட்டர் வாளியோடு ஏறினால் பத்துப் பதினைந்து கிலோ கூடும்.

பெயிண்டர்களைச் சொன்னதும் மூங்கில் ஏணி நினைவுக்கு வருகிறது. இரண்டு மூங்கில் ஏணியை உச்சியில் கயிற்றால் கட்டி டபுள் ஏணியாக நிறுத்தி, அதில் பலகை போட்டு வேலை செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்ல முற்றிய மூங்கில் லேசில் உடையாது. முதலில் கெட்டுப்போவது கட்டுதான். கயிறு நைந்திருக்கிறதா, படிக் கட்டையைச் செருகிய துளையில் விரிசல் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மர ஏணிக்கு ஒருபோதும் பெயிண்ட் அடிக்காதீர்கள். விரிசலை மறைத்துவிடும். வார்னிஷோ எண்ணெயோ போதும்.

எல்லா வேலைக்கும் ஒன்று என்று விற்கப்படும் பல மூட்டு ஏணி, குடை மாதிரி உள்ளிழுக்கும் டெலஸ்கோப் ஏணி இரண்டையும் பலர் கேட்கிறார்கள். பல மூட்டு ஏணி கனம், படிகள் மெலிசு, ஒவ்வொரு மூட்டும் "டக்" என்று பூட்டிக்கொண்டதா என்று நின்று பார்த்துத்தான் ஏற வேண்டும். அரைமணி நேரம் நின்றாலே பாதம் வலிக்கும். டெலஸ்கோப் ஏணியை மூடும்போது விரல் நசுங்காமல் பார்க்க வேண்டும். தூசியும் சிமெண்டும் உள்ளே போனால் பூட்டு சரியாக விழாது. கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலையும் சர்வீஸ் ஆட்களுக்கு அது உதவும். அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற உங்கள் மடக்கு ஏணி உதவாது. மடக்கு ஏணியிலிருந்து வேறொரு தளத்துக்குக் கால் மாற்றவும் கூடாது. கால் எடுத்து வைக்கும் உந்தலில் ஏணி பக்கவாட்டில் சரியும். மடக்கியபடியே சுவரில் சாய்த்து ஏறவும் கூடாது. நான்கு காலும் தரையில் நிற்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தொட்டிக்குச் சாய்ப்பு ஏணி தனி. நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியை வெளியே தள்ளி வைத்து, ஏறி இறங்கும் இடத்துக்கு மேலே மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும்படி வாங்கி, உச்சியைக் கட்டிவிட வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை. ஏணியைப் பெட்டியில் கட்டித் தரவிடாதீர்கள், விரிக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையில் விரித்து வைத்து நான்கு காலும் பதிகிறதா என்று ஒவ்வொரு காலாக மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டாம் படியில் ஏறி நின்று இடுப்பை இடம் வலமாக மெதுவாக அசையுங்கள். லேசான அசைவு சகஜம், சட்டம் முறுக்கிக்கொள்வது கூடாது. படியும் சட்டமும் சேரும் இடத்தில் ரிவெட்டை (இரண்டையும் பிணைக்கும் ஆணியை) விரலால் தடவிப் பாருங்கள். தலை சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் இடைவெளி தெரியக் கூடாது. ஒரு படிக்கு ஒரு பக்கம் ஒரே ரிவெட் என்றால் வேண்டாம். முன்காலும் பின்காலும் விரிந்து நிற்கப் பூட்டும் பட்டை இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

அப்புறம் அடி ரப்பர். நகத்தால் அழுத்துங்கள். நகம் லேசாகப் பதிந்து மீண்டும் எழும்பினால் ரப்பர். பதியாமல் வழவழவென்று இருந்தால் வெறும் கெட்டிப் பிளாஸ்டிக், நம் வீட்டு டைல்ஸில் அது வழுக்கும். தேய்ந்தால் மாற்று ரப்பர் கிடைக்குமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனை அத்தனையும் வீட்டில் செய்து முடிக்கும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை கொஞ்சம். வீடு துடைத்த ஈரம் காய்ந்த பிறகே ஏணி விரிக்க வேண்டும். ரப்பர் அடியில் தூசி இருந்தாலும் வழுக்கும், ஒரு துணியால் துடைத்துவிட வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏணியைப் பார்த்தபடியே ஏறவும் இறங்கவும் வேண்டும். எட்டாத இடத்துக்குச் சாய வேண்டாம், தொப்புள் இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். ஃபேனின் மூன்றாவது இறக்கைக்காக எட்டுவதைவிட, இறக்கையைக் கையால் தன்பக்கம் சுற்றிக்கொள்ளலாம். பரணில் இருந்து எடுக்கும் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி இறங்கவே கூடாது, கீழே வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வாசலுக்கு எதிரே விரித்தால் கதவைத் தாழ் போட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஏற வேண்டாம், ஒட்டடை ஓடிப்போய்விடாது.

தம்பியிடம் பழைய ஏணி ஏதாவது இருந்து, சட்டம் வளைந்தோ படி ஆடியோ இருந்தால், அதை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். அங்கிருந்து யாராவது குறைந்த விலைக்கு வாங்கிப்போய் ஏறுவார்கள். ரம்பத்தால் இரண்டு சட்டத்தையும் நடுவில் அறுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.